எழுதியவர் போன பிறகு பேசும் காகிதம்

சென்னைக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் ஒரு வழக்கு விசாரணை வருகிறது. மணப்பந்தலில் இருக்கும் சுந்தரரிடம் ஒரு முதியவர் வந்து, அவர் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை கையில் இருப்பதாகவும் சொல்கிறார். கோபத்தில் சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிக்கப்பட்டது வெறும் படி ஓலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் எடுத்து நீட்டுகிறார்.

அதன் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். அனுபவப் பாத்தியம், எழுத்துப் பத்திரம், கண்ணால் கண்ட சாட்சி என்று மூன்று வகைச் சான்றுகளைப் பற்றி அங்கே பேச்சு எழுகிறது. சபையின் எழுத்தர் ஓலையைப் படிக்கிறார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களின் எழுத்து சரிபார்க்கப்படுகிறது. அது போதாது என்று, பாட்டனார் வேறொரு சமயம் எழுதிக் காப்பில் வைத்திருந்த இன்னொரு ஓலை வரவழைக்கப்படுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. சுந்தரர் வழக்கில் தோற்கிறார்.

பக்தர்களுக்கு இது இறைவன் முதியவராக வந்து தடுத்தாட்கொண்ட கதை. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். ஆவணம், சாட்சி, விசாரணை எல்லாம் அவர் அன்றாடம் பார்த்திருக்கக்கூடியவை. அதனால்தான் அந்தக் காட்சி இவ்வளவு நுணுக்கமாக விழுந்திருக்கிறது போலும். சட்டக் கண்ணோடு படித்தால் அதில் இரண்டு பெரிய கேள்விகள் கிடக்கின்றன. எழுதியவர் உயிரோடு இல்லாதபோது, இது அவர் எழுதியதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அது அவர் எழுத்தே ஆனாலும், இறந்துபோன ஒருவர் பின்னால் வரும் தலைமுறைகளை எவ்வளவு தூரம் கட்டிப்போடலாம்?

இன்றைய உயில் சட்டத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் டிரஸ்ட் சட்டமும் வந்துவிடும்: இறந்தவர் சொன்னதை நாள்தோறும் செய்து முடிப்பது யார்?

நீங்கள் எழுதாவிட்டால் சட்டம் எழுதும்

உயில் எழுதாமல் இறப்பவர் என்று உண்மையில் யாரும் இல்லை. நீங்கள் எழுதவில்லையென்றால் உங்களுக்காக நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. இந்துக்களுக்கு அதன் பெயர் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956.

குன்றத்தூரில் ஒருவர் தம் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான அம்மா. அவர் உயில் இல்லாமல் இறந்தால் வீடு மனைவிக்குத்தான் என்று பலரும் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த நால்வருமே முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. தாய் முதல் வகுப்பில் இருக்கிறார், தந்தை அதில் இல்லை என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் அந்த அம்மாவும் உயில் எழுதாமல் காலமாகிறார். கணவர் முன்பே போய்விட்டார். பெற்ற பிள்ளைகள் மூவர்: இறந்துபோன நம் வீட்டுக்காரர், மதுரையில் ஒரு தம்பி, கோவையில் ஒரு தங்கை. அம்மாவின் கால் பங்கு மூன்றாகப் பிரியும். தம்பிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, தங்கைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, மீதி ஒன்று இறந்தவரின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. மருமகளுக்கு இதில் எதுவும் இல்லை. இப்போது குன்றத்தூர் வீட்டை விற்கவோ அதன் மேல் கடன் வாங்கவோ வேண்டுமானால் மதுரைக்கும் கோவைக்கும் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். உறவு நன்றாக இருந்தால் ஒரு விடுதலைப் பத்திரத்தோடு முடியும். இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கு.

பெண்களின் நிலை இன்னும் வினோதம். திருமணமான இந்துப் பெண் ஒருவர் தாமே சம்பாதித்த சொத்தை உயில் இல்லாமல் விட்டுச்சென்றால், முதலில் அது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால்? பெற்ற தாய் தந்தைக்கு அல்ல, கணவரின் வாரிசுகளுக்கு. தாய் தந்தையரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, சுயசம்பாத்தியத்துக்கு இல்லை.

2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதன் கடுமையைக் காட்டியது. 1955-ல் திருமணமான பெண் மூன்றே மாதத்தில் விதவையானார். புகுந்த வீட்டார் வெளியேற்றிவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய், சேமித்து, 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். அந்தச் சேமிப்பு முழுவதும் கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே உரியது என்று தீர்ப்பானது. சட்டத்தின் வாசகம் தெளிவாக இருக்கும்போது அனுதாபத்தால் அதை மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். ஒரே ஒரு தாள் எழுதியிருந்தால் முடிவு வேறு. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்துப் பெண்கள் எல்லோரும் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்தது.

இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் விதிகள் வேறு. முஸ்லிம் ஒருவர் கடனும் ஈமச்செலவும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உயிலால் கொடுக்கலாம். கிறிஸ்தவருக்கு அப்படி வரம்பு இல்லை, ஆனால் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செத்துவிடும். அவர்கள் புதிதாக எழுத வேண்டும்.

இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும்

இனி சேக்கிழாரின் முதல் கேள்வி. எழுதியவர் இல்லை. கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாது. 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கஜேந்திரகட்கர் இந்தச் சிக்கலைத்தான் மையமாக வைத்தார்: மற்றப் பத்திரங்களை எழுதியவர் வந்து சொல்லலாம், உயிலோ எழுதியவர் இறந்த பிறகுதான் பேசத் தொடங்குகிறது. எனவே அதைக் கொண்டுவருபவர் மீது கூடுதல் பொறுப்பு விழுகிறது. நடுங்கும் கையெழுத்து, தெளிவில்லாத மனநிலை, காரணம் சொல்லாமல் பெற்ற பிள்ளையை ஒதுக்கியது, பெரும் பங்கு பெறுபவரே முன்னின்று உயிலைத் தயாரித்தது என்று ஐயம் தரும் சூழ்நிலை எது இருந்தாலும் அதை நீக்கிக் காட்ட வேண்டியது அவர் வேலை. இன்றும் உயில் வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

அப்படியானால் சட்டம் எதை நம்புகிறது? முத்திரைத்தாளை அல்ல. உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது, வெள்ளைத்தாள் போதும். பதிவையும் அல்ல. பதிவு செய்வது விருப்பம்தான். தட்டச்சு, கணினி, கையெழுத்து எதுவானாலும் சரி, எந்த மொழியானாலும் சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் 63-ஆம் பிரிவு பிடிவாதமாகக் கேட்பது இரண்டு மனிதர்களை. உயில் எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் இருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண்ணெதிரே அவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் உயிலைப் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்கள் கவலை அல்ல. யார், எந்த நிலையில், தன் விருப்பத்தில் கையெழுத்திட்டார் என்பதே அவர்கள் கவலை.

பின்னாளில் வழக்கு வந்தால் அந்த இருவரில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் அதையே சொல்கிறது. சாட்சிகள் இருவருமே இறந்துவிட்டால்? அடுத்த பிரிவு வழி சொல்கிறது: சாட்சி ஒருவரின் கையெழுத்தையாவது அவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும், எழுதியவரின் கையெழுத்தையும் அவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். தேவைப்பட்டால் ஒத்துக்கொள்ளப்பட்ட வேறொரு கையெழுத்தோடு ஒப்பிடலாம். திருவெண்ணெய்நல்லூர் சபை செய்தது வேறென்ன? எட்டரை நூற்றாண்டு இடைவெளி. ஒன்று பக்தி காவியம், மற்றது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ஒரே சிக்கல் என்பதால் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம். எழுபது வயதுக்காரர் தம் எழுபத்தைந்து வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போடுவது வழக்கம். உயில் பேச வேண்டிய நாளில் அவர்களும் இருக்க மாட்டார்கள். உங்களைவிட இளையவர், உங்களை நன்கு அறிந்தவர், ஊரைவிட்டு அடிக்கடி மாறாதவர், உயிலில் ஒரு ரூபாயும் பெறாதவர் என்று பார்த்து எடுங்கள். உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவர் ஒருவராக இருந்தால், மனத்தெளிவு பற்றிய கேள்விக்கும் அவரே விடை.

பதிவு தேவையில்லை என்றால் ஏன் எல்லோரும் பத்திர ஆபீசுக்குப் போகச் சொல்கிறார்கள்? பதிவு செய்த உயில் தொலையாது, கிழிக்கப்படாது, பக்கம் மாற்றப்படாது. அது உண்மையானது என்று பதிவு மட்டுமே நிரூபித்துவிடாது, ஆனால் நல்ல துணைச்சான்று. குன்றத்தூர்க்காரருக்கு உள்ளூரிலேயே சார்பதிவாளர் அலுவலகம் உண்டு.

இங்கே வியப்பான ஒரு ஏற்பாடு இருக்கிறது. விற்பனை, அடமானம், செட்டில்மெண்ட் எல்லாம் பதிவு அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் ஏறும். உயில்களுக்குத் தனியாக மூன்றாம் புத்தகம். வில்லங்கச் சான்று முதல் புத்தகத்தைப் பார்த்துத் தரப்படுவது. எனவே உங்கள் மனைக்கு யார் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் நீங்கள் உயில் எழுதியது அதில் தெரியாது. நீங்கள் உயிருடன் இருக்கும்வரை நீங்களோ உங்கள் முகவரோ தவிர வேறு யாரும் அதன் நகலை வாங்க முடியாது. இறந்த மறுநாளிலிருந்து யார் மனுப்போட்டாலும் கிடைக்கும். ரகசியமும் பகிரங்கமும் ஒரு மரணத்தில் இடம் மாறிக்கொள்கின்றன. உள்ளடக்கம் பதிவு அலுவலருக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் உயிலை உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வழி செய்திருக்கிறது.

இறந்தவரின் கை எவ்வளவு நீளும்?

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. பாட்டன் எழுதியது பேரனைக் கட்டுமா?

1868-ல் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூர் என்ற பெரும் செல்வர் இறந்தார். அவருடைய ஒரே மகன் ஞானேந்திர மோகன் கிறிஸ்தவராக மாறியிருந்தார். தந்தை தம் உயிலில் மகனுக்கு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, சொத்தைத் தம் உறவினர் ஜதீந்திர மோகனுக்கும், அவருக்குப் பின் ஆண் வழியில் இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பூட்டிவைக்கப் பார்த்தார். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போனது. 1872-ல் தீர்ப்பு வந்தது: ஜதீந்திர மோகன் ஆயுள்வரை அனுபவிக்கலாம். அதற்குப் பின், எழுதியவர் இறக்கும்போது பிறந்தே இராதவர்களுக்கு எழுதியது செல்லாது. செல்லாத பகுதி சட்டப்படியான வாரிசைச் சேரும். அந்த வாரிசு யார்? ஒதுக்கப்பட்ட அதே மகன்.

பிறகு வந்த சட்டங்கள் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டன. இப்போது பிறக்காத குழந்தைக்கும் எழுதலாம், ஆனால் அளவோடு. எழுதியவர் இறக்கும்போது உயிருடன் இருக்கும் ஒருவரின் அல்லது பலரின் ஆயுட்காலம், அதற்குமேல் அடுத்து வரும் குழந்தை மேஜராகும்வரை, அதாவது பதினெட்டு வயதுவரை. இறந்தவரின் கை அதற்குமேல் நீளாது. கொள்ளுப்பேரன் காலம்வரை இந்த வீட்டை விற்கக் கூடாது என்று எழுதினால் அந்த வாசகம் மை செலவு மட்டுமே.

காரணம் எளிது. ஒவ்வொரு தலைமுறையும் தன் நிலத்தைப் பூட்டிவிட்டுப் போனால், உயிருடன் இருப்பவர்கள் இறந்தவர்களின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களாகிவிடுவார்கள். குன்றத்தூர் பக்கம் ஒருகாலத்தில் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் இன்று மனைகளாகி நிற்கின்றன. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அந்த முடிவை எடுக்கும் உரிமை அந்தந்தக் காலத்தில் வாழ்பவர்களுக்கு இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிலைப்பாடு.

ஒரே ஒரு விலக்கு உண்டு: பொது அறம். அதற்குக் கால எல்லை இல்லை. 1794 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைக் கோயில் திருப்பணிகளுக்கும் தருமங்களுக்கும் எழுதி வைத்தார். அவர் மறைந்த பின் உறவினரும் பொறுப்பாளரும் சண்டையிட, பணம் பல பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்து வட்டியோடு வளர்ந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சி எடுத்து, தருமங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்ப வழி செய்தார். 1842-ல் பள்ளி திறந்தது. அதுவே வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆனது. குடும்பத்துக்கென்று எழுதியிருந்தால் சட்டம் எப்போதோ நிறுத்தியிருக்கும். ஊருக்கென்று எழுதியதால் இரண்டு நூற்றாண்டுகள் தாண்டியும் அந்த உயில் வேலை செய்கிறது. அதே சமயம், சரியான பொறுப்பாளர் இல்லாவிட்டால் மிக நல்ல உயிலும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் தாமதமாகும் என்பதும் இதே கதையின் பாடம்.

தொண்ணூற்றாறு ஆடுகள்

அந்தப் பொறுப்பாளரைப் பற்றியதுதான் மூன்றாவது கேள்வி. டிரஸ்ட் என்றால் ஆங்கிலேயர் கொண்டுவந்த சரக்கு என்று நினைக்கிறோம். சட்ட வடிவம் அவர்களுடையதுதான். கருத்தோ சோழர் கல்வெட்டுகளில் நிறைந்து கிடக்கிறது.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். நெய்க்குப் பணம் கொடுத்தால் செலவாகிவிடும். எனவே அவர் 96 ஆடுகளைக் கொடுக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்த எண்ணிக்கையை மறுபடி மறுபடி பார்க்கலாம். இடையர் ஒருவர் அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கச் சம்மதிக்கிறார். கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும், ஆனால் கணக்கில் 96 குறையக் கூடாது. கல்வெட்டுகள் இவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. கூடுதலாகப் பிறப்பதும் மீந்த பாலும் இடையருக்கு.

இதைப் பிரித்துப் பாருங்கள். கொடுத்தவர் ஒருவர். கையில் வைத்துப் பராமரிப்பவர் இன்னொருவர். பயன் போய்ச் சேருவது மூன்றாம் இடத்துக்கு. முதல் தொடப்படுவதில்லை, வருமானம் மட்டும் செலவாகிறது. பராமரிப்பவருக்கு உழைப்பின் ஊதியம் உண்டு, சொத்தின் உரிமை இல்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் ஒரு டிரஸ்டுக்குக் கேட்பதும் இவற்றைத்தான்: அமைக்கும் எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து, அதைப் பொறுப்பாளர் கையில் ஒப்படைத்தல். ஐந்தில் ஒன்று தெளிவில்லாமல் இருந்தாலும் டிரஸ்ட் நிற்காது.

இந்தப் பார்வை வந்துவிட்டால் நாமினி குழப்பமும் தீர்ந்துவிடும். வங்கிக் கணக்கில் மூத்த மகனை நாமினியாகப் போட்டால் பணம் அவனுக்கே என்று எண்ணுபவர்கள் ஏராளம். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவே. பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதிப்படுத்தியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பிறகு நெருங்கிய குடும்பத்தினரை நாமினியாகப் போட்டால் அவர்களுக்கே உரிமை என்ற மாற்றம் வந்திருக்கிறது.

அமெரிக்கப் பிள்ளைகளின் அறிவுரை

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு அமெரிக்காவில் பிள்ளைகள். அங்கே பல வீடுகளில் ‘லிவிங் டிரஸ்ட்’, அதாவது உயிருடன் இருக்கும்போதே அமைக்கும் டிரஸ்ட். நீங்களும் வையுங்கள் என்கிறார்கள். அங்கே அதற்குக் காரணங்கள் உண்டு. உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் புரொபேட் நடைமுறை பல மாநிலங்களில் காலமும் காசும் தின்பது, டிரஸ்டில் போட்ட சொத்து அதில் மாட்டாது. பெரும் செல்வருக்கு மரண வரியும் உண்டு.

இங்கே நிலவரம் வேறு. இந்தியாவில் எஸ்டேட் வரி எனப்பட்ட மரண வரி 1985-ல் ஒழிந்தது. புரொபேட்டில் ஒரு பழைய வேடிக்கை இருந்தது. வங்காளத்திலும், பம்பாய், மெட்ராஸ் நகர எல்லைகளுக்குள்ளும் இந்துக்கள் எழுதிய உயிலுக்கும், அங்கே உள்ள வீடு நிலம் பற்றிய உயிலுக்கும் மட்டும் புரொபேட் கட்டாயம். அண்ணன் தன் மயிலாப்பூர் வீட்டுக்கும் தம்பி தன் குன்றத்தூர் வீட்டுக்கும் நகர எல்லைக்கு வெளியே இருந்தபடி ஒரே வாசகத்தில் உயில் எழுதினால், அண்ணனுடையது உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும், தம்பியுடையது ஏற வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நகர எல்லையின் நிழல் இது. இந்தக் கட்டாயத்தை விதித்த 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனவே புரொபேட்டைத் தவிர்க்க டிரஸ்ட் என்ற வாதம் குன்றத்தூருக்கு அன்றும் பொருந்தவில்லை, இன்று சென்னைக்கும் பொருந்தவில்லை. வீட்டை டிரஸ்டுக்கு மாற்றப் பதிவுப் பத்திரமும் முத்திரைத்தீர்வையும் வேறு வேண்டும்.

ஆனால் வேறு இரண்டு காரணங்களுக்காக டிரஸ்ட் இங்கே உண்மையிலேயே தேவைப்படுகிறது.

முதலாவது, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள மகனுக்கு உயிலில் வீட்டை எழுதலாம். ஆனால் அவன் வாடகை வாங்கி, வரி கட்டி, மருந்து வாங்குவது எப்படி? அங்கே உயில் கைவிரிக்கிறது, 96 ஆடுகளின் ஏற்பாடு கைகொடுக்கிறது. நம்பகமான இருவரையோ மூவரையோ டிரஸ்டிகளாக வைத்து, வருமானத்தை அவன் பராமரிப்புக்கு என்று கட்டலாம். உடனே அமைக்க வசதியில்லை என்றால் உயிலிலேயே டிரஸ்டை எழுதிவிடலாம், இறந்த பின் அது உயிர்பெறும். பணத்துக்கு டிரஸ்டி, ஆளுக்குக் காப்பாளர் என்று இரண்டு ஏற்பாடும் வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காப்பாளரை 1999-ஆம் ஆண்டு தேசிய டிரஸ்ட் சட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலான குழு நியமிக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களுக்கு வரும் பெற்றோரின் நெஞ்சில் உள்ள கேள்வி, நமக்குப் பிறகு யார் என்பதுதான். சட்டத்தில் அதற்கு விடை இருக்கிறது.

இரண்டாவது, நம் நினைவே தப்பிப்போகும் நாள். மகனுக்கோ மகளுக்கோ பவர் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பிறகென்ன என்று நினைப்பது பெரும் தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, பொதுவாக, கொடுத்தவர் மனநலம் இழந்தால் பவரும் முடிந்துவிடுகிறது. எப்போது தேவையோ அப்போதுதான் அது கைவிடும். 2024-ல் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்க் காப்பாளர் நியமனம் பெற வேண்டியிருந்தது. முன்கூட்டி அமைத்த டிரஸ்டில் இந்தச் சிக்கல் இல்லை. நீங்களே முதல் டிரஸ்டியாக இருக்கலாம், நீங்கள் செயலிழந்தால் அடுத்தவர் யார் என்று பத்திரத்திலேயே எழுதலாம். திரும்பப் பெறும் உரிமையையும் வெளிப்படையாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் பயனாளிகள் சம்மதமின்றிக் கலைக்க முடியாது.

நம் பக்கத்தில் உயிலைவிடப் பிரபலமானது தான செட்டில்மெண்ட். அது உடனே அமலாகிறது, வீடு அன்றே கைமாறிவிடும். உயிலை நூறு முறை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மெண்ட்டை நினைத்தபடி மாற்ற முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால் அதை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும். அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டவர்கள்தான் நீதிமன்றங்களில் அலைகிறார்கள். இருக்கும் ஒரே வீட்டை உயிருடன் இருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட்டு நிற்பதைவிட, உயில் பாதுகாப்பானது.

மொத்தத்தில் கணக்கு இதுதான். பெரும்பாலான குடும்பங்களுக்கு நன்றாக எழுதிய உயில் ஒன்றே போதும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையோ, நினைவிழப்பு பயமோ இருந்தால் டிரஸ்ட் அவசியம். இந்த வாரம் ஒரு மாலை குடும்பத்தோடு உட்கார்ந்து பத்திரம், பட்டா, வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாவற்றையும் ஒரு தாளில் பட்டியலிடுங்கள். எந்தச் சொத்து சுயசம்பாத்தியம், எது பூர்வீகம் என்று குறியுங்கள். யாருக்கு எது, ஏன் என்று எழுதுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்தால் காரணத்தையும் எழுதுங்கள். உயிலை நிறைவேற்றுபவராக ஒருவரை நியமியுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, தேதியிட்டு, இளையவர்களான இரண்டு சாட்சிகள் முன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள். மூல உயில் எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுபவரிடம் சொல்லி வையுங்கள். எழுதியிருந்தும் எங்கே என்று தெரியாத உயில், எழுதாத உயிலேதான்.